நூலுக்கு உரியவர் யார்? – விலைக்கு வாங்குதலும் இரவல் பெறுதலும்

நம் சமுதாயத்தின் நூல் வெளியீட்டு விழாக்களில் தவறாமல் ஒலிக்கும் முறையீடு ஒன்று உண்டு. முஸ்லிம்கள் நூல்களை விலை கொடுத்து வாங்குவதில்லை என்பதே அது. வாழ்த்துரை வழங்குவோர் வருத்தத்தோடு இதனைக் கூறுவர். ஏற்புரை நிகழ்த்தும் நூலாசிரியர் அதனினும் மிகுந்த வருத்தத்தோடு அதனை வழிமொழிவார். கூட்டம் கலைவதற்குள் மேடையில் இருந்தோர்க்கெல்லாம் அன்பளிப்புப் பிரதிகள் வழங்கப்பட்டிருக்கும். இதற்கு மறுதலையாக, நூலகம் இருக்கும்போது நூலை வாங்குவானேன், படித்து முடித்தபின் அது வீட்டில் இடத்தை அடைத்துக் கொண்டிருப்பதன்றி வேறென்ன பயன் என்று வினவுவோரும் நம்மிடையே உளர். வாங்குவோர் தம்மை அறிவுக்குத் தொண்டு செய்வோராகக் கருதுகின்றனர். இரவல் பெறுவோர் தம்மைச் சிக்கனமும் விவேகமும் உடையோராகக் கருதுகின்றனர்.

இவ்விரு தரப்பாரின் வாதங்களும் புதியவை அல்ல. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோ மாநகரில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரு பேரறிஞர்கள் இவ்விரு நிலைகளையும் தெளிவாக எடுத்துரைத்துள்ளனர். அவ்விருவரின் கூற்றுகளையும், அவற்றை ஒட்டி வரலாறும் ஃபிக்ஹும் தரும் சான்றுகளையும் சீர்தூக்கி, நம் காலத்து வழக்கத்தை அந்த அளவுகோலால் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெய்ரோவின் இரு அறிஞர்கள்

முதலாமவர் ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞரும், பைத்துல் முகத்தஸ், திமிஷ்க், கெய்ரோ ஆகிய நகரங்களில் காழியாகப் பணியாற்றியவருமான இமாம் பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (ரஹ்) (கி.பி. 1241-1333). ஆசிரியரும் மாணவரும் பேண வேண்டிய ஒழுக்கங்களைத் தொகுத்து ஹிஜ்ரி 672-இல் அவர்கள் எழுதி முடித்த 'தத்கிரத்துஸ் ஸாமிஃ வல் முதகல்லிம்' ஐந்து பாபுகளைக் கொண்டது. அவற்றுள் நான்காவது பாபு, நூல்களோடு நடந்து கொள்ளும் முறை பற்றியது. கல்வி பயில்வோன் தனக்குத் தேவையான நூல்களை இயன்றவரை விலைக்கு வாங்க வேண்டும். இயலாவிடில் வாடகைக்கோ இரவலாகவோ பெறலாம். வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வசதி உள்ளவன் இரவல் கேட்கலாகாது என்பது அவர்கள் வகுத்துத் தரும் வரிசையாகும். விலைக்குக் கிடைக்கும் நூலைத் தன் கையால் படியெடுப்பதில் மாணவன் காலத்தைச் செலவிடுவதையும் அவர்கள் விரும்பவில்லை. அதே வேளையில், நூல்களைச் சேர்த்து வைப்பதையே கல்வியில் தன் பங்கு என்று எண்ணிவிடலாகாது எனவும் எச்சரிக்கிறார்கள்.

நூலை உடையவருக்கும் அவர்கள் கடமை விதிக்கிறார்கள். தீங்கு நேராது என்று தெரிந்தவருக்கு நூலை இரவல் கொடுப்பது விரும்பத்தக்கது. சிலர் இதனை வெறுத்துள்ளனர் என்பதைக் குறிப்பிட்டுவிட்டு, கல்விக்குத் துணை புரிதல் என்ற சிறப்பு இதில் இருப்பதால் கொடுப்பதே ஏற்றது என்று தீர்ப்பளிக்கிறார்கள். இரவல் பெற்றவர் நன்றி கூற வேண்டும், தேவைக்கு மேல் தம்மிடம் நிறுத்தி வைக்கலாகாது, உடையவர் கேட்டதும் திருப்பித் தர வேண்டும், அனுமதியின்றி ஓரங்களில் குறிப்பெழுதலாகாது, மூன்றாமவருக்குக் கைமாற்றலாகாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதிகளை எந்த நூலகத்தின் சுவரிலும் இன்றே எழுதி மாட்டலாம்.

இரண்டாமவர் 'அல்பஹ்ருல் முஹீத்' என்னும் தஃப்ஸீரின் ஆசிரியரும் இலக்கண மேதையுமான அபூ ஹய்யான் அல்அந்தலுஸீ (ரஹ்). கிரனாடாவில் பிறந்து, கெய்ரோவில் நிலைபெற்று, ஹிஜ்ரி 745-இல் (கி.பி. 1344) அங்கேயே மறைந்தவர். நூல்களை விலைக்கு வாங்குவோரை இவர் குறை கூறுவது வழக்கம் என்று அல்மக்கரீ தமது 'நஃப்ஹுத் தீப்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். வாழ்வதற்குத் தேவையான அறிவை அல்லாஹ் உமக்குத் தரட்டும் என்று அத்தகையோரிடம் அவர் கூறுவாராம். தாம் விரும்பும் எந்த நூலையும் வக்ஃப் நூலகங்களிலிருந்து இரவலாகப் பெற முடிகிறது, ஆனால் திர்ஹம்களை இரவல் கேட்டால் தருவார் எவரும் இல்லை என்பது அவர் காட்டிய காரணம்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றும். கூர்ந்து நோக்கின், இருவரும் பேசுவது இரு வேறு நூல்களைப் பற்றி என்பது புலனாகும். இப்னு ஜமாஆ அவர்களின் முன்னே இருப்பவன் மாணவன். அன்றாடம் பாடம் கேட்டு, பிழை திருத்தி, பொருள் குறித்து, மனனம் செய்ய வேண்டிய நூல் அவனது கையிலேயே இருக்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய நாள் குறிக்கப்பட்ட நூலில் ஓரக் குறிப்பு எழுத இயலாது. அபூ ஹய்யானோ பாடநூற் பருவத்தைக் கடந்தவர். மேற்கோளுக்கும் ஒப்பாய்வுக்கும் நூற்றுக்கணக்கான நூல்களைப் புரட்ட வேண்டிய ஆசிரியர். அத்தனையும் வாங்குவது ஒருவரால் ஆகக் கூடியதன்று.

அபூ ஹய்யானின் வாதத்தில் ஒரு குறை உண்டு. அவர் இரவல் பெற்ற ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவர் விலை கொடுத்து வாங்கி வக்ஃப் செய்தது. வாங்குவோரை அறிவற்றோர் என்று அவர் எள்ளும்போது, தமக்கு நிழல் தரும் மரத்தின் வேரையே எள்ளுகிறார் எனலாம். எல்லாரும் அவரது அறிவுரையைப் பின்பற்றியிருப்பின், அடுத்த தலைமுறையின் அபூ ஹய்யானுக்கு இரவல் தர ஒரு நூலகமும் இருந்திராது.

குர்துபா சந்தையில் விலைபோன நூல்

வாங்குதல் என்பதும் தன்னளவில் சிறப்புக்குரியது ஆகிவிடாது. இதற்குச் சான்றாக அதே 'நஃப்ஹுத் தீப்' நூல் குர்துபா நகரின் நூற்சந்தை நிகழ்ச்சி ஒன்றைத் தருகிறது. அல்ஹள்ரமீ என்னும் அறிஞர் ஒருவர், தாம் நெடுநாள் தேடிய நூல் அழகிய எழுத்தில் ஏலத்திற்கு வரக் கண்டு விலை கேட்கிறார். அவர் கேட்கக் கேட்க வேறொருவர் விலையை உயர்த்திக் கொண்டே செல்கிறார். நூலின் மதிப்பை விஞ்சி விலை ஏறியதும், அம்மனிதர் பெரிய மார்க்க அறிஞராக இருக்கக் கூடும் என்றெண்ணி அவரை அணுகி, தேவை உண்மையெனில் தாம் விலகிக் கொள்வதாகக் கூறுகிறார். அவரோ, தாம் ஃபகீஹ் அல்லர் என்றும், அந்நூலில் என்ன இருக்கிறது என்பதே தமக்குத் தெரியாது என்றும் விடையிறுக்கிறார். ஊர்ப் பெருமக்களிடையே மதிப்புப் பெறுவதற்காக நூலகம் ஒன்று அமைத்ததாகவும், அதில் இந்நூலின் அளவுக்குச் சரியான வெற்றிடம் ஒன்று இருந்ததாகவும் கூறுகிறார். அல்ஹள்ரமீ மனம் கசந்து திரும்பியதாகச் செய்தி.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது வாங்கியவரைப் பழிப்பது எளிது. ஆயினும் குர்துபாவின் நூல் படியெடுப்போரும் பைண்டு செய்வோரும் தாள் வணிகரும் பிழைத்தது இத்தகைய செல்வர்களாலும்தான் என்பதை மறுக்க இயலாது. அம்மனிதர் செய்த தவறு வாங்கியதில் இல்லை. வாங்கிய நூலை, அதனைத் தேடி நின்றவருக்குக் கிட்டாத இடத்தில் கொண்டு போய்ச் சேர்த்ததே தவறு. அலமாரியை நிரப்பிய அதே நூலை மறுநாள் அல்ஹள்ரமீக்கு இரவலாகக் கொடுத்திருந்தால், அதே செலவு அறப்பணியாக மாறியிருக்கும்.

மர்வு நகரின் இரவல்கள்

இரவல் கொடுக்கும் பண்பு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு யாகூத் அல்ஹமவீ (ரஹ்) அவர்களின் வாழ்வினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சிறு வயதில் அடிமையாகப் பக்தாத் வணிகர் ஒருவரிடம் வந்து சேர்ந்தவர். விடுதலை பெற்றபின் கூலிக்கு நூல் படியெடுத்தும் நூல் வணிகம் செய்தும் வாழ்ந்தவர். ஆகவே நூலின் விலையை அவர் நன்கறிவார். அவரது 'முஃஜமுல் புல்தான்' என்னும் புவியியற் களஞ்சியத்தில் மர்வு நகரைப் பற்றிய பகுதி, நூலகங்களின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெறுவது.

ஹிஜ்ரி 616-இல் (கி.பி. 1219) தாம் மர்வை விட்டுப் புறப்பட்டபோது அங்குப் பத்து வக்ஃப் நூலகங்கள் இருந்தன என்று அவர் எழுதுகிறார். அவற்றுள் ஜாமிஆ பள்ளிவாசலில் இருந்த அஸீஸிய்யா நூலகத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 பாகங்கள். அதனை வக்ஃப் செய்தவர் அரச குலத்தவர் அல்லர். தொடக்கத்தில் மர்வு அங்காடியில் பழமும் நறுமணச் செடியும் விற்று, பின்னர் சுல்தான் ஸன்ஜரின் பணியில் உயர்ந்தவர். இந்நூலகங்களில் இரவல் பெறுவது மிக எளிது. தம் இல்லத்தில் எக்காலத்தும் 200 பாகங்களுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றின் மதிப்பு 200 தீனார். பெரும்பாலானவற்றுக்கு அடமானம் எதுவும் கேட்கப்படவில்லை என்கிறார் யாகூத். தமது களஞ்சியத்தின் செய்திகளில் பெரும்பகுதி அந்நூலகங்களிலிருந்தே திரட்டப்பட்டது என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறார்.

அவர் புறப்பட்ட இரண்டே ஆண்டுகளில், கி.பி. 1221-இல், மங்கோலியர் மர்வை அழித்தனர். நூலகங்கள் அழிந்தன. ஆயினும் அவற்றில் இருந்தவற்றுள் ஒரு பகுதி, இரவல் பெற்ற ஒருவரின் குறிப்புகள் வழியாக இன்றும் நம் கைகளில் இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டதை நினைவில் கொண்டிருக்கும் தமிழுலகுக்கு இதன் பொருள் விளங்காமல் போகாது. ஒரே இடத்தில் பூட்டிக் காக்கப்படும் நூல் ஒரே நாளில் அழியக் கூடும். பலர் கைகளுக்குச் சென்று படிக்கப்பட்டு, எடுத்தெழுதப்பட்ட நூலை அழிப்பது அத்துணை எளிதன்று.

அடமானம் கேளாத நூலகப் பொறுப்பாளர் ஒருவகையில் துணிந்துதான் செயல்பட்டிருக்கிறார். 200 தீனார் என்பது சிறு தொகை அன்று. யாகூத்தோ அவ்வூர்க்காரர் அல்லர். நூல்களோடு ஊரை விட்டுச் சென்றிருக்கவும் கூடும். அந்தத் துணிவுக்கு ஈடாக அறிவுலகம் பெற்றது 'முஃஜமுல் புல்தான்'.

ஃபிக்ஹ் தரும் அளவுகோல்

இனி ஃபிக்ஹின் நோக்கைக் காண்போம். இரவலாகப் பெற்ற பொருள் எவ்வாறு கருதப்படும் என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபீ மத்ஹபில் அது அமானத். இரவல் பெற்றவர் வரம்பு மீறாமலிருக்கப் பொருள் அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஷாஃபியீ மத்ஹபிலோ, அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டினால் அன்றி வேறு வகையில் பொருள் அழிந்தால் ஈடு செய்யும் பொறுப்பு அவரையே சாரும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபியீ மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபீ மத்ஹபும் பின்பற்றப்படும் நம் நாட்டில், தொலைந்த நூலுக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு ஊருக்கு ஊர் விடை மாறும். வாடகைக்கும் இது பொருந்தும். படிப்பதற்காக நூலை வாடகைக்கு விடுவதை ஹனஃபீ அறிஞர்கள் ஏற்பதில்லை. படித்தல் என்பது படிப்பவரின் சொந்தச் செயல், அதனை நூலுடையவர் விற்க இயலாது என்பது அவர்களின் வாதம். ஷாஃபியீ அறிஞர்கள் அதனை அனுமதிக்கின்றனர். இப்னு ஜமாஆ அவர்கள் வாங்குதலுக்கும் இரவலுக்கும் இடையே வாடகையை வைத்ததன் பின்னணி இதுவே.

இவ்வேறுபாடுகளைக் கடந்து, நூலுடைமையின் உயிர்நிலையைத் தொடும் சட்டம் ஒன்று ஜகாத் பாடத்தில் உள்ளது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா'வில் இமாம் அல்மர்கீனானீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 593), குடியிருக்கும் வீடு, உடுத்தும் உடை, வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்கள் ஆகியவற்றில் ஜகாத் இல்லை என்று கூறிவிட்டு, கல்வி நூல்களும் அவற்றுக்கு உரியவர்களிடத்தில் அவ்வாறே என்கிறார்கள். அவற்றோடு தொழிலாளரின் கருவிகளையும் சேர்க்கிறார்கள். தச்சருக்கு உளி எதுவோ, அதுவே ஆலிமுக்கு நூல்.

உரியவர்கள் என்ற சொல்லை இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுல் கதீர்' என்னும் விரிவுரையில் நுணுகி ஆராய்கிறார்கள். வணிக நோக்கமின்றி வைத்திருக்கும் நூலுக்கு, உடையவர் யாராயினும் ஜகாத் கடமையில்லை. அவ்வாறெனில் இச்சொல்லின் பயன் என்ன? ஜகாத்தைப் பெறும் தகுதியில்தான் வேறுபாடு தோன்றுகிறது. நிஸாப் அளவுக்கு மதிப்புள்ள நூல்களை வைத்திருக்கும் ஒருவர் அவற்றைப் பயின்றும் பயிற்றுவித்தும் பயன்படுத்தும் தேவை உடையவராயின், அவர் ஏழையாகவே கருதப்பட்டு ஜகாத் பெறலாம். அதே நூல்களை அவற்றுக்கு உரியவர் அல்லாத ஒருவர் வைத்திருப்பின், அவை தேவைக்கு மிஞ்சிய செல்வம். அவர் ஜகாத் பெற இயலாது. ஒரே நூலின் இரண்டாம் பிரதி தேவையில் அடங்குமா, மூன்றாம் பிரதிதான் மிகையாகுமா என்பது வரை அறிஞர்கள் விவாதித்துள்ளனர்.

இச்சட்டத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரே அலமாரி, ஒரே நூல்கள், ஒரே மதிப்பு. படிப்பவரிடம் இருக்கும்போது அவை கருவி. படியாதவரிடம் இருக்கும்போது அவை வெறும் சொத்து. விற்பனைச் சீட்டு யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டிலும், நூலுக்கு உரியவர் யார் என்பதையே ஃபுகஹாக்கள் முதன்மையாக நோக்கினர். குர்துபாச் செல்வரை இந்த அளவுகோலில் நிறுத்தினால் அவர் நூலை விலைக்கு வாங்கியவர். அல்ஹள்ரமீ அதற்கு உரியவர்.

பூட்டப்பட்ட வக்ஃப்

இந்த அளவுகோல் தனியாரின் அலமாரிக்கு மட்டுமன்றிப் பொது நூலகத்திற்கும் பொருந்தும். நூல்களை வக்ஃப் செய்தல் கூடுமா என்பதே தொடக்கத்தில் கருத்து வேறுபாட்டுக்கு உரியதாக இருந்தது. இடம் பெயரும் பொருள்களில், மக்களின் வழக்கில் உள்ளவற்றை வக்ஃப் செய்வதை இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். நுஸைர் பின் யஹ்யா (ரஹ்) அவர்கள் முஸ்ஹஃபுகளோடு ஒப்பிட்டுத் தம் நூல்களை வக்ஃப் செய்ததை ஹிதாயா எடுத்துக்காட்டி, அது சரியே என்கிறது. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் ஓதுவதற்கும் வைத்திருக்கப்படுவதால் நூலும் முஸ்ஹஃபைப் போன்றதே என்பது அங்குக் கூறப்படும் காரணம். நூல் வக்ஃப் செல்லுபடியாவதே அதன் பயன்பாட்டினால் என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கெய்ரோவின் மஹ்மூதிய்யா நூலகத்தின் கதை இவ்விடத்தில் பெரும் படிப்பினை தருவதாகும். முன்னர்க் குறிப்பிட்ட இப்னு ஜமாஆ அவர்களின் பேரர் புர்ஹானுத்தீன் இப்னு ஜமாஆ வாழ்நாளெல்லாம் அரிய நூல்களைத் திரட்டியவர். அவரது மறைவுக்குப் பின் அந்நூல்களை அமீர் ஜமாலுத்தீன் மஹ்மூத் விலைக்கு வாங்கி, தாம் ஹிஜ்ரி 797-இல் (கி.பி. 1395) கட்டிய மத்ரஸாவுக்கு வக்ஃப் செய்தார். எந்த நூலும் மத்ரஸாவை விட்டு வெளியே செல்லலாகாது என்று நிபந்தனையும் விதித்தார். நூல்களை இரவல் கொடுப்பதே ஏற்றது என்று பாட்டனார் எழுதினார்; பேரர் சேர்த்த நூல்கள் இரவல் கிடையாது என்ற நிபந்தனைக்குள் சென்றன.

நிபந்தனை நூல்களைக் காத்ததா? ஏறத்தாழ 4,000 பாகங்களைக் கொண்டிருந்த அந்நூலகத்தைப் பின்னாளில் கணக்கெடுத்தபோது சுமார் 400 பாகங்கள், அதாவது பத்தில் ஒரு பங்கு, காணாமற் போயிருந்தன. பொறுப்பாளர் நீக்கப்பட்டு, ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் அப்பொறுப்பை ஏற்றார்கள். பெயர் வரிசையில் ஒன்றும் பொருள் வரிசையில் ஒன்றுமாக இரு பட்டியல்களை அவர்கள் தயாரித்தார்கள். நூல்களைக் காக்க அவர்கள் முதலில் செய்த பணி பட்டியலிடுதல் என்பதை நம் நூலகப் பொறுப்பாளர்கள் கருத வேண்டும்.

பிற்காலத்தில் இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 911) இந்நூலகத்தைப் பற்றியே 'பத்லுல் மஜ்ஹூத் ஃபீ கிஸானத்தி மஹ்மூத்' என்னும் சிறுநூலை எழுதினார்கள். வாகிஃபின் நிபந்தனை மதிக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. ஆயினும் நூல்கள் பயன்பட வேண்டும் என்பதே வாகிஃபின் உண்மையான நோக்கமாதலால், நூலியற்றும் தேவை உடைய அறிஞர், அத்தேவை உள்ளிருந்தே நிறைவேறாத நிலையில், அவற்றை வெளியே எடுத்துச் செல்லலாம் என்று அவர்கள் நிறுவுகிறார்கள். ஸுயூத்தீ அவர்கள் தமக்குச் சாதகமாக வாதாடினார்கள் என்று ஒருவர் கூறக் கூடும். அது உண்மையே. ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற எண்ணற்ற நூல்களை நோக்கும்போது, அந்த வாதத்தின் பயனை இன்று நாமே அனுபவித்துக் கொண்டிருக்கிறோம் என்பதையும் ஒப்புக் கொள்ள வேண்டும்.

நம்மிடையே உள்ள நிலை

மேற்கண்ட அளவுகோலோடு நம் சமுதாயத்தை நோக்குவோம். நூல்களுக்காக நாம் செலவிடுவதில்லை என்ற முறையீடு முழு உண்மை அன்று. மறைந்தோரின் பெயரால் யாஸீன் கிதாபுகளையும் துஆத் தொகுப்புகளையும் அச்சிட்டு இலவசமாக வழங்க நாம் தயங்குவதில்லை. பள்ளிவாசல்களுக்கு முஸ்ஹஃபுகளை வாங்கி அளிக்கிறோம். அதன் நன்மையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் பல பள்ளிவாசல்களில் ஓதுவோரின் எண்ணிக்கையை மிஞ்சி முஸ்ஹஃபுகள் அடுக்கப்பட்டிருக்க, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கத் தமிழில் ஒரு தஃப்ஸீரோ ஒரு வரலாற்று நூலோ கிடைப்பதில்லை. நூல் இருக்கும் இடங்களிலும் கண்ணாடி அலமாரியின் சாவி முத்தவல்லியிடம் இருக்கும். முத்தவல்லி வெளியூரில் இருப்பார்.

மத்ரஸா நூலகங்கள் சிலவற்றில் அரிய அச்சுப் பிரதிகளும் கையெழுத்துப் பிரதிகளும் உள்ளன. அவை மஹல்லா மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பெரும்பாலும் எட்டாதவை. அரபுத்தமிழ் நூல்கள் பலவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஓதிக் காத்தவர்கள் நம் பெண்களே. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816-1898) போன்ற பெரியோர்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதியதால் அவை அடுக்களை வரை சென்றன. அத்தகைய வாசகியர் மரபைக் கொண்ட சமுதாயத்தில், நூலகத்தின் வாசற்படியில் பெண்கள் தயங்கி நிற்க நேர்வது பொருந்தாத ஒன்றாகும்.

தனியார் சேகரங்களின் முடிவு இதனினும் வருந்தத்தக்கது. ஆலிம் ஒருவர் தம் வருவாயில் மிச்சம் பிடித்து நாற்பது ஆண்டுகள் நூல் சேர்க்கிறார். அவரது மறைவுக்குப் பின் அவை வாரிசுச் சொத்து. பிள்ளைகள் அரபு அறியாதவர்களாக இருப்பின், அவற்றை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தஃப்ஸீரின் பாகங்கள் ஆளுக்கொன்றாய்ப் பிரிகின்றன. சில கரையானுக்கு இரையாகின்றன. எஞ்சியவை எடைக்குப் போகின்றன. இதில் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவதில் நியாயமில்லை. உயிரோடு இருக்கும்போதே வக்ஃப் செய்யவும், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் செய்யவும் மார்க்கம் வழி திறந்து வைத்திருக்கிறது. அச்சட்டங்களைப் பிறருக்கு ஓதிக் கொடுத்த ஆலிம்களே தம் நூல்களுக்கு அவற்றைச் செயற்படுத்தாமல் மறைவது நம் காலத்தின் பெருங்குறை.

பொது நூலகங்களைப் பற்றியும் ஒரு சொல். இந்திய விடுதலைக்குப் பின் பொது நூலகச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் சென்னை மாகாணமே; ஆண்டு 1948. அதற்குப் பின்னணியில் உழைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அச்சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்பட்டு வருகிறது. ஆகவே கிளை நூலகத்தின் நூல்கள் இலவசமானவை என்று எண்ணுவது பொருந்தாது. அவற்றுக்கு நாம் முன்பே விலை கொடுத்து விட்டோம். அரசு நூலகங்கள் வாங்கும் பிரதிகளே தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் பெருந்துணையாக இருந்து வருவதால், நூலகத்தில் இரவல் பெறுவோர் நூலாசிரியருக்குத் தீங்கு செய்கின்றனர் என்ற வாதமும் நிற்காது. நமக்கு வேண்டிய நூல்களை அங்கு நாம் கேட்பதே இல்லை என்பதுதான் குறை. கேட்போர் இல்லாத நூலை எந்த நூலகரும் வாங்க முற்படுவதில்லை.

வாங்குவதற்கான களமும் நம்மிடமிருந்து தொலைவில் இல்லை. இன்று பெரும் திருவிழாவாகத் திகழும் சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் முதன்முதலாக நடைபெற்றது அண்ணா சாலையின் மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி வளாகத்திலேயாகும். அதற்கும் முன்னதாக, 1842-இல், ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாப்புராணத்தை அச்சேற்றியதால் ஏட்டுச் சுவடி பெற்றிருந்தோருக்கு மட்டுமே உரியதாயிருந்த காப்பியம் வாங்கக் கூடிய எவருக்கும் கிட்டியது.

கைப்பேசியில் 'அல்மக்தபத்துஷ் ஷாமிலா' வந்தபின் இவ்விவாதமே தேவையற்றது என்போரும் உளர். மர்வின் பத்து நூலகங்கள் கண்டால் நாணத்தக்க அளவுக்கு அரபு நூல்கள் இன்று நம் மாணவர்களின் சட்டைப் பைகளில் இருக்கின்றன. விலையுமில்லை, திருப்பித் தர வேண்டிய நாளுமில்லை. இது பெரும் நிஃமத். ஆயினும் தேடற்சொல்லை இட்டு ஒரு வரியைக் கண்டெடுப்பது ஒன்று. நூலை முதலிலிருந்து முடிவு வரை ஓதுவது மற்றொன்று. சேர்த்து வைப்பதைக் கல்வியாக எண்ணிவிடலாகாது என்ற இப்னு ஜமாஆ அவர்களின் எச்சரிக்கை, ஆயிரக்கணக்கான நூல்களை ஒரே விரலசைவில் சேர்க்கக் கூடிய இக்காலத்திற்கே மிகவும் பொருந்துகிறது.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இதுவாகும். அன்றாடம் ஓதும் நூலையும், நம்மிடையே வாழும் எழுத்தாளரின் நூலையும் விலைக்கு வாங்குவதே முறை. முன்னதற்குக் காரணம் இப்னு ஜமாஆ அவர்கள் கூறிய கல்வித் தேவை. பின்னதற்குக் காரணம், எழுதுபவர் வாழ்ந்தால்தான் அடுத்த நூல் பிறக்கும் என்பது. ஆகவே வசதியுள்ளோர் அன்பளிப்புப் பிரதியை எதிர்பார்ப்பதைக் கைவிட வேண்டும். பல பாகங்களைக் கொண்ட தஃப்ஸீர்கள், ஹதீஸ் விரிவுரைகள், அகராதிகள், கலைக்களஞ்சியங்கள் ஆகியவற்றை இரவலாகப் பெறுவதில் குறைவேதும் இல்லை. அபூ ஹய்யான் அவர்களின் வழி இங்கு ஏற்புடையதே. அதற்கேற்ப அவற்றை வாங்கி வைக்கும் பொறுப்பை மஹல்லா ஜமாஅத்துகள் ஏற்க வேண்டும்.

நூல்களை வக்ஃப் செய்வோர் அமீர் மஹ்மூதின் நிபந்தனையைப் பின்பற்ற வேண்டியதில்லை. வக்ஃப் பத்திரத்திலேயே இரவலுக்கு இடம் வைத்து எழுதலாம். எத்தனை நாள், எத்தனை நூல், தொலைத்தால் ஈடு என்ன, பெண்கள் நேரில் வந்து பெறுவதற்குரிய நேரம் எது என்பனவற்றை வாகிஃபே வரையறுத்துவிட்டால், பின்வரும் பொறுப்பாளர் எவரும் சாவியைக் காரணம் காட்ட இயலாது. பட்டியல் ஒன்றும் இரவல் பதிவேடு ஒன்றும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சில பாகங்கள் தொலையவே செய்யும். நிபந்தனையோடு பூட்டப்பட்ட மஹ்மூதிய்யாவிலும் பத்தில் ஒன்று தொலைந்ததை நினைவு கூர்ந்தால், இரவல் கொடுக்க அஞ்சுவதற்குக் காரணம் இராது.

ஸூரத்துல் மாஊனில், அண்டை அயலாருக்கு அற்பப் பொருளைக் கொடுத்துதவவும் மறுப்போரை அல்லாஹு தஆலா கண்டித்துள்ளான். முஃபஸ்ஸிர்கள் பாத்திரம், வாளி, கோடரி போன்றவற்றை இதற்கு உதாரணமாகக் கூறினர். அற்பமானவற்றை மறுப்பதே கண்டனத்துக்கு உரியதாயின், அறிவைத் தேடி வந்தவனுக்கு, நாம் திறந்தே பாராத நூலை மறுப்பது எத்தகையது என்பதை ஒவ்வொருவரும் தம் அலமாரியின் முன் நின்று எண்ணிப் பார்ப்பாராக. உரியவர் கையில் நூலைச் சேர்க்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.